கார்ட்டூன் வீசலும் நிஜ வீசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கார்ட்டூன் பாத்திரங்கள் வரையும் வகுப்பில் எலி, முயல், நரி எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நீள உடம்பும் குட்டைக் காலுமாக வரும் வீசல் (weasel) என்ற பிராணியில்தான் கேள்விகள் தொடங்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்களும் சேர்ந்துகொள்வார்கள். வீசலையும் அதன் வளர்ப்பு உறவான ஃபெரெட்டையும் பற்றி அவர்கள் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்ட்டூன் போட்டவர்கள் இந்தப் பிராணியின் உடம்பை அருமையாகக் கவனித்திருக்கிறார்கள். குணத்தைப் பற்றி மட்டும் அநியாயமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மிஸ், இது நம்ம கீரிதானே?

இல்லை. பார்க்க ஒரே ஜாடைதான், ஆனால் சொந்தமே கிடையாது. ஊன் உண்ணும் பாலூட்டிகளில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்றில் பூனை, புலி, கழுதைப்புலி எல்லாம் வரும்; கீரி அந்தப் பக்கம். இன்னொன்றில் நாய், கரடி, கடற்சிங்கம் எல்லாம் வரும். வீசல் அந்தப் பக்கம். வளைக்குள் புகுந்து இரை தேடும் பிழைப்பு இருவருக்கும் என்பதால் உடம்பும் ஒரே மாதிரி நீண்டுவிட்டது.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ரயில் பாதையோரப் புதர்களில் காலை நேரத்தில் கீரியைப் பார்க்கலாம். நின்று கவனியுங்கள். தரையோடு தரையாக, முதுகு அதிகம் அசையாமல், வாலை நேராக நீட்டிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு முடியிலும் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் இருப்பதால் தூரத்தில் சாம்பல் தூவினது மாதிரி தெரியும். வீசல் அப்படி ஓடாது. முதுகை வில்லாக வளைத்துத் துள்ளித் துள்ளிப் போகும். மேலே பழுப்பு, வயிறு வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போலப் பிரிவு தெரியும்.

வீசலின் உண்மையான சொந்தக்காரர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்: காவிரியிலும் பவானியிலும் மோயாற்றிலும் இருக்கும் நீர்நாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி மார்ட்டனும் அதே குடும்பம்தான். நேரடி வீசல் இனங்கள் இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான் உண்டு.

வீசல், ஸ்டோட், ஃபெரெட் மூன்றும் ஒன்றா?

ஒரே குடும்பம், வெவ்வேறு ஆட்கள். வீசல்தான் குட்டி. அதிலும் மிகச் சின்ன இனம் உலகிலேயே மிகச் சிறிய ஊனுண்ணி. பெண் வீசல் 50, 60 கிராம்தான் இருக்கும். ஸ்டோட் கொஞ்சம் பெரிது. அதன் வால் நுனி மட்டும் கறுப்பு. குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலத்தில் உடம்பு முழுக்க வெள்ளையாக மாறினாலும் அந்தக் கறுப்பு நுனி மாறாது. மேலிருந்து பாயும் பருந்தின் கண் வாலுக்குப் போய்விடும், உடம்பு தப்பிவிடும் என்று 1980-களில் பருந்துகளை வைத்துச் செய்த சோதனை காட்டியது. ஃபெரெட் என்பது ஐரோப்பிய போல்கேட் என்ற காட்டுப் பிராணியிலிருந்து மனிதன் பழக்கி எடுத்த வளர்ப்பு விலங்கு. முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்துவதற்காக 2,000 வருடங்களுக்கு மேலாக வளர்க்கிறார்கள். கண்ணைச் சுற்றி முகமூடி போட்டது போலக் கறுப்பாக இருப்பது ஃபெரெட்டுக்குத்தான். பல கார்ட்டூன்காரர்கள் வீசல் என்று பெயர் வைத்துவிட்டு ஃபெரெட்டின் முகத்தை வரைகிறார்கள்.

எந்தெந்தக் கார்ட்டூனில் இவர்களைப் பார்க்கலாம்?

பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2016-இல் வந்த ஜூட்டோபியா. அதில் டியூக் வீசல்டன் என்ற திருடன் வருகிறான். 2009-இல் வந்த ஐஸ் ஏஜ் மூன்றாம் பாகத்தில் ஒற்றைக் கண் பக். கொஞ்சம் பின்னால் போனால் 1988-இல் வந்த ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட் படத்தின் வீசல் அடியாள் கும்பல். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 1997-இல் தொடங்கிய ஐ ஆம் வீசல் தொடரை இப்போது அப்பாக்களாக இருப்பவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மூத்தது கென்னத் கிரஹாம் 1908-இல் எழுதிய ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்ற பிள்ளைகள் கதை. காட்டிலிருந்து வரும் வீசல், ஸ்டோட், ஃபெரெட் கூட்டம் கதையில் வரும் தேரை ஒன்றின் பங்களாவையே பிடித்துக்கொள்ளும்.

ஏன் எப்போதும் வில்லன் வேஷம்?

கோழிக்கூண்டில் தொடங்கிய பழி அது. ஐரோப்பாவில் கோழி வளர்த்தவர்கள் காலையில் கூண்டைத் திறந்து பார்த்தால் ஒன்று இல்லை, பத்துக் கோழி செத்துக் கிடக்கும். தின்றதோ ஒன்றில் கொஞ்சம். “பசிக்குக் கொன்றால் சரி, இது ஆசைக்குக் கொல்கிறது” என்று முடிவு கட்டிவிட்டார்கள். இங்கிலாந்தில் பணக்காரர்கள் வேட்டையாடுவதற்காகக் காட்டுக்கோழி வளர்த்த தோட்டங்களில், காவல்காரர்கள் வீசலையும் ஸ்டோட்டையும் கொன்று வேலியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவது வழக்கமாக இருந்தது. தாங்கள் வேலை செய்கிறோம் என்று முதலாளிக்குக் காட்ட அதுதான் கணக்கு. அந்த வேலிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கதை எழுதினால் வீசல் வில்லனாகத்தானே வரும்?

ஆனால் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியில் ஒரு வீசல் எலிக்கூட்டத்தின் மேல் பாய்ந்தால் ஒன்று அகப்படும், மீதி சிதறி ஓடிவிடும். இரை அசைந்தால் பாய், கையில் கிடைத்ததைப் பிடி என்பதுதான் அதன் மூளையில் இருக்கும் கட்டளை. அங்கே இரை ஓடிப்போவதுதான் அந்தக் கட்டளையை நிறுத்துகிறது. கூண்டில் கோழி ஓட முடியாது. படபடவென்று சிறகடித்துக்கொண்டே இருக்கும். கட்டளை நிற்பதற்கு வழியே இல்லை. இன்னொன்று, கிடைத்ததையெல்லாம் கொன்று, இழுத்துப் போய் ஒளித்து வைத்து, நாள் கணக்கில் தின்பது இவற்றின் பழக்கம். குளிர் நாட்டில் ஒளித்து வைத்த இறைச்சி கெடாது. போல்கேட் தவளைகளைத் தலையில் கடித்து அசைய முடியாமல் செய்து வளைக்குள் குவித்து வைப்பதையே பார்த்திருக்கிறார்கள். கோழிக்கூண்டில் அது சேமித்து முடிப்பதற்குள் மனிதன் கதவைத் திறந்துவிடுகிறான். அவன் பார்ப்பது பாதி முடிந்த வேலை.

வடசென்னைக்காரர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சினிமாவில் ஒரு ரௌடிக்கு ஊர் வேண்டுமென்றால் உடனே காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று போட்டுவிடுகிறார்கள். வியாசர்பாடி மைதானங்களில் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பெரிய அணிகளுக்குப் போன பையன்கள் கதைக்குள் வருவதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண்தான். என் வகுப்பில் ஒரு பையன் வீசலுக்குக் கையில் கத்தி வைத்து வரைந்தான். ஏன் என்று கேட்டேன். “வீசல்னா அப்படித்தானே மிஸ் வரும்” என்றான். அந்த “அப்படித்தானே”வை நான் சும்மா விடமாட்டேன். அவனை உட்கார வைத்து நிஜ வீசல் ஓடுகிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கத்தியை அவனே அழித்துவிட்டு வாயில் ஒரு சுண்டெலியை வரைந்தான். அது உண்மை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கோழி ரத்தத்தைக் குடிக்குமாமே?

குடிக்காது. வீசலும் ஸ்டோட்டும் இரையின் பிடரியில், மண்டையோடு முடிகிற இடத்தில் கடித்துக் கொல்லும். கோரைப்பல் பட்ட இடத்தில் இரண்டு சின்ன ஓட்டையும் கொஞ்சம் ரத்தமும் இருக்கும், உடம்பு முழுசாகக் கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் ரத்தத்தை உறிஞ்சிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்களில் மரநாயைப் பற்றியும் இதே கதையைச் சொல்வார்கள்.

திருட்டுப் புத்தி நிஜமா?

ஃபெரெட் விஷயத்தில் ஒரு வகையில் நிஜம். வீட்டில் வளர்ப்பவர்கள் சாவி, சாக்ஸ், ரப்பர், ரிமோட் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போய், சோபாவுக்குப் பின்னால் குவியலாகக் கிடப்பதைக் கண்டுபிடிப்பார்கள். வாயில் கவ்வி, பின்பக்கமாக நடந்து, தன்னைவிடப் பெரிய செருப்பைக்கூட இழுத்துக்கொண்டு போகும். தின்பதற்காகச் செய்வதில்லை. இரையை ஒளித்து வைக்கும் அந்தப் பழைய பழக்கம்தான் சாக்ஸ் மேல் திரும்பியிருக்கிறது. ரப்பர், ஸ்பாஞ்சு போன்றவற்றை மென்று விழுங்கிவிட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்து.

ஜூட்டோபியாவின் டியூக் வீசல்டன் கிழங்கு மூட்டையைத் திருடிக்கொண்டு ஓடுவான். அப்புறம் தெருவோரத்தில் திருட்டு டிவிடி விற்பான். டிவிடி விற்கும் இடத்தில் என் வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் பழைய பர்மா பஜார் ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதற்கு முன்னால் வரும் துரத்தல்தான். எலிகள் வாழும் குட்டி நகரத்துக்குள் அவன் புகுந்து ஓட, அங்கே இருப்பவர்கள் எல்லாம் அலறி ஓடுவார்கள். எலிகள் அலறுவதில் நியாயம் இருக்கிறது. உலகத்தில் எலி வளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிக்கும் உடம்போடு பிறந்தது வீசல். பூனை வாசலில் காத்திருக்கும். வீசல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

ஏன் ஒரு இடத்தில் நிற்காமல் துறுதுறுவென்றே வரைகிறார்கள்?

கார்ட்டூன்காரர்கள் மிகச் சரியாகப் பிடித்தது இதைத்தான். காரணம் அதன் உடம்பின் வடிவம்.

டீக்கடையில் டீயை டம்ளரிலேயே வைத்திருந்தால் சூடு நிற்கும். டவராவில் ஊற்றிப் பரப்பினால் சட்டென்று ஆறிவிடும். வீசலின் உடம்பு அந்த டவரா கதைதான். உருண்டையான உடம்புள்ள பிராணிக்கு வெளித்தோல் பரப்பு குறைவு. நீட்டி இழுத்த உடம்புக்கு அதே எடையில் தோல் பரப்பு அதிகம். போதாக்குறைக்கு முடியும் குட்டை. குளிர்ந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளவும் அந்த உடம்புக்குச் சரியாக வராது. அதனால் சூடு எல்லாப் பக்கமும் கசிந்துகொண்டே இருக்கும். குளிரில் வீசல் எரிக்கும் சக்தி, அதே எடையுள்ள சாதாரண வடிவப் பிராணியைவிட 50 முதல் 100 சதவீதம் அதிகம் என்று 1972-இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். சின்ன வீசல் ஒரு நாளில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்னும். இதயம் நிமிடத்துக்கு 400 முறைக்கு மேல் அடிக்கும். வயிறு சிறியது, உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் இல்லை, எனவே ஒரே வேளையில் தின்று முடிக்கவும் வழியில்லை. கொஞ்சம் தின்னும், தூங்கும், எழுந்து மறுபடி வேட்டைக்குப் போகும். இரவு பகல் என்ற பேதம் அதற்குக் கிடையாது. ஒரு நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் உயிர் போகும் நிலை வந்துவிடும்.

அந்தக் கண்ணில் தெரிகிற அவசரத்தைத்தான் கார்ட்டூனில் “சூழ்ச்சி” என்று காட்டுகிறார்கள். எனக்கு அதில் பசிதான் தெரிகிறது.

கதவிடுக்கு, குழாய், சாவித்துவாரம் என்று எதிலும் புகுந்து போகிறதே?

சாவித்துவாரம் கொஞ்சம் ஓவர். மற்றபடி தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் என்பது உண்மை. தோள் ஒடுங்கியது, முதுகெலும்பு ரொம்ப வளையும். குறுகலான வளைக்குள் போன ஃபெரெட் தன் உடம்பின் மேலேயே மடங்கித் திரும்பி, வந்த வழியே வெளியே வரும்.

இதை வைத்து ஒரு நிஜக் கதை உண்டு. வகுப்பில் நான் இதைச் சொல்லாமல் விடுவதே இல்லை. 1971-இல் அமெரிக்காவில், இன்று ஃபெர்மிலேப் என்று அழைக்கப்படும் அணு ஆராய்ச்சிக்கூடத்தில், நீளமான குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துகள்களைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஃபெலிசியா என்ற பெண் ஃபெரெட்டைக் கொண்டுவந்தார்கள். கழுத்துப்பட்டையில் மெல்லிய கயிற்றைக் கட்டி ஒரு முனையில் விட்டால், இருட்டுக் குழாய்க்குள் ஓடி மறுமுனையில் வந்து நிற்கும். அப்புறம் அந்தக் கயிற்றில் துடைக்கும் துணியைக் கட்டி ஆட்கள் இழுத்துக்கொள்வார்கள். சுமார் 90 மீட்டர் குழாய் வரைக்கும் போய் வந்தது. பெரிய வளையக் குழாயில் விட்டபோது உள்ளே போக மறுத்துவிட்டது. அந்த மறுப்பும் எனக்குப் பிடிக்கும். அதற்கு வேலை வேறு, விருப்பம் வேறு.

கார்ட்டூனில் பைத்தியம் பிடித்த மாதிரி குதிக்கிறதே, அது கற்பனைதானே?

நூற்றுக்கு நூறு நிஜம். ஃபெரெட்டுக்குக் குஷி வந்துவிட்டால் முதுகைத் தூக்கி வளைத்து, வால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கவாட்டிலும் பின்பக்கமுமாகத் துள்ளும். நாற்காலிக் காலில் இடித்துக்கொள்ளும், கவிழ்ந்து விழும், எழுந்து மறுபடி துள்ளும். தொண்டையிலிருந்து குளுக் குளுக்கென்று ஒரு சத்தமும் வரும். பார்க்காதவர்களுக்கு வலிப்பு வந்ததோ என்று தோன்றும். “வா, விளையாடலாம்” என்று கூப்பிடுவதுதான் அது.

ஸ்டோட்டின் ஆட்டம் வேறு ரகம். புல்வெளியில் முயல்கள் மேயும்போது ஸ்டோட் ஒன்று சற்றுத் தள்ளி உருண்டு, புரண்டு, முறுக்கிக் குதிக்க ஆரம்பிக்கும். முயல்கள் ஓடாமல் பார்த்துக்கொண்டே நிற்கும். ஆடிக்கொண்டே கிட்டே வந்து, ஒரு பாய்ச்சலில் ஒன்றின் பிடரியைப் பிடித்துவிடும். இது வேட்டைத் தந்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். மூக்கு எலும்புக்குள் குடியேறும் ஒருவகைப் புழு மண்டைக்குள் அழுத்துவதால் வருகிற துடிப்பு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அந்தப் புழு பல ஸ்டோட்களின் மண்டையோட்டில் இருப்பதும், எலும்பையே அரித்துக் குழி ஆக்குவதும் உண்மை. நான் தந்திரக் கட்சி அல்ல. முயல் பக்கத்தில் இல்லாதபோதும் ஸ்டோட் அப்படி ஆடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

கும்பலாக வந்து அடிப்பார்களா?

ரோஜர் ராபிட் படத்தில் ஐந்து பேர் கும்பல். பழைய கதையில் ஒரு படையே வரும். நிஜத்தில் வீசலும் ஸ்டோட்டும் தனிக்கட்டை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் அடித்து விரட்டும். அப்படியானால் கும்பலைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லாம் பொய் சொன்னார்களா? இல்லை. கோடையில் தாய் ஸ்டோட் வளர்ந்த குட்டிகளை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகும்; ஒன்றன் பின் ஒன்றாக ஆறேழு பேர் ஓடுவார்கள். அவர்கள் பார்த்தது ஒரு அம்மாவையும் பிள்ளைகளையும். வளர்ப்பு ஃபெரெட்கள் மட்டும் கூட்டமாகச் சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தூங்கும்.

பக் மாதிரி உண்மையிலேயே தைரியசாலியா?

ஐஸ் ஏஜ் படத்தில் பக், டைனோசர் பல்லையே கத்தியாக வைத்துக்கொண்டு, தன் கண்ணைப் பறித்த டைனோசரோடு மோதிக்கொண்டிருப்பான். டைனோசரை விடுங்கள். 300 கிராம் ஸ்டோட் ஒன்றரைக் கிலோ முயலைக் கொன்று இழுத்துப் போவது ஐரோப்பிய வயல்களில் சாதாரணமாக நடப்பது. 2015-இல் லண்டன் பக்கம் ஒரு பூங்காவில், பறக்கும் மரங்கொத்தியின் முதுகில் ஒரு வீசல் தொங்கிக்கொண்டு போகிற படம் எடுத்து உலகமே பார்த்தது. அழகான சவாரி என்று எல்லாரும் பகிர்ந்தார்கள். வீசல் மரங்கொத்தியைக் கொல்லப் பார்த்தது, பறவை உயிருக்குப் பயந்து பறந்தது. அந்தப் போராட்டத்தில் பறவை தப்பித்துவிட்டது.

வில்லன் வேஷம் இல்லாமல் வீசலுக்கு மரியாதை கொடுத்த இரண்டு பாத்திரங்களில் பக் ஒருவன். இன்னொருவர் ஐ ஆம் வீசல் தொடரின் நாயகன்: படித்தவர், பண்பானவர், ஊரே கொண்டாடும் ஆள். பொறாமையில் வேகும் பபூன் குரங்குதான் அங்கே தொல்லை.

கார்ட்டூனில் காட்டாமல் விட்டது எது?

இரண்டு விஷயம். முதலாவது தூக்கம். ஃபெரெட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். சில நேரம் தூக்கிக் குலுக்கினாலும் விழிக்காது. புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டதோ என்று அழுதிருக்கிறார்கள். அந்தத் துறுதுறுப்புக்கு இந்தத் தூக்கம்தான் விலை.

இரண்டாவது நாற்றம். வாலுக்கடியில் சுரப்பிகள் உண்டு. பயந்தால் காரமான ஒரு வாடையைப் பீய்ச்சும். நம் வீட்டு மூலையில் ஓடும் மூஞ்சூறு விட்டுப்போகும் வாடை தெரியும் அல்லவா, அதைவிடப் பலமானது.

பாம்போடு சண்டை போடுமா? போக்கிமான் சாங்கூஸ் போடுகிறதே?

அந்தப் பாத்திரத்தைப் போக்கிமான்காரர்கள் பூனை-ஃபெரெட் வகை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் செவைப்பர் என்ற பாம்போடு தீராப் பகை வைத்திருப்பது கீரியின் குணம். நாகத்தின் நரம்பு விஷம் போய் ஒட்ட வேண்டிய இடமே கீரியின் உடம்பில் மாறியிருப்பதால் விஷம் சரியாக வேலை செய்யாது. வீசலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கள் தெருவில் பெருச்சாளித் தொல்லை தாங்கவில்லை. நான்கு வீசல் கொண்டுவந்து விட்டால் என்ன?

ஒரு அண்ணன் நிஜமாகவே கேட்டார். ராயபுரம், மண்ணடி குடோன்களில் பெருச்சாளி படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயம்தான். நியூசிலாந்தில் இதையே செய்தார்கள். முயல் பெருகிப் புல்லையெல்லாம் தின்கிறது என்று 1880-களில் ஸ்டோட், வீசல், ஃபெரெட் மூன்றையும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நாட்டுப் பறவைகள் தரையில் நடக்கும் பாலூட்டி வேட்டைக்காரர்களையே பார்த்தறியாதவை; பல பறவைகளுக்குப் பறக்கவும் தெரியாது. ஸ்டோட் முயலோடு நிற்கவில்லை. இன்றைக்கும் காட்டில் பிறக்கும் கிவிக் குஞ்சுகளைக் கொல்வதில் ஸ்டோட்தான் முதல் ஆள். 2050-க்குள் இவற்றையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று அந்த அரசே திட்டம் போட்டு வேலை செய்கிறது. அங்கேயும் ஸ்டோட் தானாகக் கப்பலேறி வரவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொல்வேன்.

பெருச்சாளிக்கு வழி: குப்பையை மூடுங்கள், சாக்கடை மூடி உடைந்திருந்தால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள், தெருவில் கீரி இருந்தால் கல்லெறியாமல் விடுங்கள். கீரியைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயிண்ட் பிரஷ் செய்ய அதன் முடிக்காகக் கொல்கிறார்கள். கீரி முடி பிரஷ் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். என் வகுப்பில் நைலான் பிரஷ் மட்டும்தான்.

கொளத்தூரில் கலர் மீன் வாங்கப் போனபோது ஃபெரெட் கிடைக்குமா என்று பையன் கேட்கிறான். வாங்கித் தரலாமா அக்கா?

வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிராணி. முறையான இறக்குமதி அனுமதி, நோய்ச் சோதனை எல்லாம் வேண்டும். காகிதம் இல்லாமல் வந்ததை வாங்கினால் கடத்தலுக்குத் துணை போகிறோம்.

அதைவிடப் பெரிய காரணம் நம் வெயில். ஃபெரெட்டுக்கு வியர்வை சுரப்பதில்லை என்றே சொல்லலாம். 30 டிகிரியைத் தாண்டினாலே மூச்சிரைக்கும், வெப்ப அதிர்ச்சியில் உயிர் போகும். மே மாதம் இங்கே 40 டிகிரி அடிக்கும். கரண்ட் போய் ஏசி நின்றால் அதன் கதி என்ன? நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டைத் தொற்றினால் பிழைப்பது மிக அரிது. தெருநாய் உள்ள இடத்தில் அந்தப் பயமும் உண்டு. பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து இணை சேராமலோ கருத்தடை செய்யாமலோ விட்டால், ரத்தம் ஊறுவதே நின்று செத்துப்போகும். தயிர்சாதம், பிஸ்கட் எல்லாம் அதற்கு ஆகாது. இறைச்சி மட்டும்தான், அதுவும் நாளுக்குப் பல வேளை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் சொன்ன பிறகு எந்தப் பையனும் என்னிடம் அடம்பிடித்ததில்லை.

சரி மிஸ், வீசலை எப்படி வரைவது?

தலையில் தொடங்காதீர்கள். முதுகுக்கோட்டைப் போடுங்கள். ஓடும் வீசலில் இரண்டு நிலைதான் முக்கியம். ஒன்று, உடம்பு முழுக்க நீண்டு, முன்கால் எட்டிப் பிடிக்கும் நிலை. மற்றொன்று, பின்கால்கள் வந்து முன்கால் வைத்த தடத்திலேயே விழ, முதுகு நடுவில் மேலே எழும் நிலை. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பின்பாதம் முன்பாதத்தின் குழியிலேயே இறங்குவது தெரியும். இந்த இரண்டையும் வரைந்துவிட்டால் நடுவில் உள்ளவை தானாக வரும்.

கழுத்தைத் தலையைவிட ஒல்லியாகப் போடாதீர்கள். ஏறக்குறைய ஒரே அகலம். காது உருண்டையாக, மண்டையோடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கூரான காது வைத்தால் நரி ஆகிவிடும். வாலை வீசலுக்குக் குட்டையாக, ஸ்டோட்டுக்கு நீளமாகக் கறுப்பு நுனியோடு போடுங்கள். எழுந்து நின்று பார்க்கிற நிலையில் வரைந்தால், முன்கைகள் நெஞ்சுக்குக் கீழே தொங்கட்டும். நிஜ வீசலும் புல்லுக்கு மேலே எட்டிப் பார்க்க அப்படித்தான் நிற்கும். கார்ட்டூனில் நான்கு விரல்தான் போடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல் போடுங்கள்.